பூமியைத் தொடாத எர்த்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் மின்சாரப் பாடத்தில் இரண்டு சொற்கள் வரும். மண்ணில் புதைக்கும் கம்பி ‘தேர்’ (ஸ்ரீரங்கத்துத் தேர் அல்ல!), வண்டியின் இரும்பு உடலோடு சேர்க்கும் கம்பி ‘மாஸ்’. நம்மூரில் இரண்டும் ‘எர்த்’தான்.

1838-இல் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்கு ஒரு கம்பி போதும், மின்சாரம் திரும்பிவரப் பூமியே போதும் என்று கண்டார். கார்களில் அதே சிக்கனம்தான். ஆனால் ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்குப் பூமி ஏது? உடம்பே திரும்பும் வழி. அம்பாசிடர் காலத்தில் எர்த் பட்டை துருப்பிடித்தால் விளக்கு மங்கும், ஹாரன் முனகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரி.

1967-இல் ஃபோக்ஸ்வாகன் காரில் போஷ் நிறுவனத்தின் மின்னணு பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்தது. இங்கே, தலைநகர் வட்டாரத்துக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தி 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது. கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுத்து, சென்சாரில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து இன்ஜின் சூட்டைக் கணிக்கும். சூடு ஏற ஏற அந்த வோல்ட் இறங்கும். அந்த அளவுகோலின் பூஜ்யம்தான் எர்த். அதனால்தான் சென்சாருக்கென்று தனி எர்த் ஒயர், உடம்பைத் தொடாமல் நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது.

என் மருமகனின் பழைய காரில் யாரோ அந்த ஒயரை வெட்டி, பாடி போல்ட்டில் முறுக்கியிருக்கிறார்கள். பகலில் வண்டி ஒழுங்காக ஓடும். இரவில் ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டால் பெட்ரோல் வாடை, திணறல். ஒரு பட்டறையில் சென்சாரை இரண்டு முறை மாற்றினார்கள். பில்தான் ஏறியது. ராத்திரி நடுவழியில் நின்றுவிடுமோ என்று பேத்தியை ஏற்றிக்கொண்டு வரவே மகள் பயந்தாள்.

மண்ணச்சநல்லூரில் துறையூர் ரோட்டு மெக்கானிக் தம்பி மீட்டரை எடுத்தார். வண்டியை அணைத்து ஓம் கணக்குப் பார்த்தார்; பழுதே தெரியவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கெல்லாம் போட்டு, பாடி போல்ட்டுக்கும் பேட்டரி மைனசுக்கும் நடுவே வோல்ட் வைத்தார். கிட்டத்தட்ட அரை வோல்ட்! பாடியிலிருந்து பேட்டரிக்குப் போகும் பட்டை துருவேறிக் கிடந்தது. விளக்கின் மின்சாரம் அதில் திணறும்போது பாடியின் பூஜ்யமே மேலே ஏறி, கொதிக்கும் இன்ஜினை மார்கழிக் குளிரில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் எண்ணி, பெட்ரோலை ஊற்றியிருக்கிறது.

பட்டையை மாற்றி, ஒயரைப் பழைய இடத்தில் சேர்த்தார். அவரிடம் ‘மாஸ்’ கதையைச் சொன்னேன்.

“சார், எங்க பட்டறையில மாஸ்னா ரஜினிதான்” என்றார்.