காக்களூரில் வந்திறங்கிய இயங்குதளம்

திருவள்ளூர் நகரத்தை அடுத்துள்ள காக்களூர், பெரிய ஏரியினாலும் சிட்கோ தொழிற்பேட்டையினாலும் அக்கம்பக்கத்தாருக்குப் பரிச்சயமான ஊர். தமிழ்நாட்டுக் கணினிச் சரித்திரத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டென்பதை அவ்வூராரிலேயே பலர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கும் திட்டத்தோடு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தையும் அங்கேதான் தொடங்கிவைத்தார். அத்திட்டத்தின்படி வீடு வந்து சேர்ந்த மடிக்கணினியின் பொத்தானை அழுத்தினால், கரிய திரையில் இயங்குதளங்களின் பெயர்கள் ஒரு பட்டியலாகத் தோன்றும். அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சில விநாடிகள் அவகாசம் உண்டு. அந்தப் பட்டியலில் உலகமறிந்த விண்டோஸுடன், பாஸ் லினக்ஸ் என்ற பெயரும் இருக்கும். சொந்தமாக ஒரு கணினியைத் தொட்டறியாத பல்லாயிரம் குடும்பங்களுக்குள், கட்டற்ற மென்பொருளாகிய ஓர் இயங்குதளம் இவ்விதமாக ஒரே வீச்சில் பிரவேசித்தது. அது அங்கே ஏன் நிலைக்கவில்லை, எந்த வழியாக மறுபடியும் திரும்பி வந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்ற நீண்ட பெயரின் சுருக்கம். அதன் வமிசாவளியைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். மென்பொருளின் மூல நிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்ற கொள்கையோடு, அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டையும் இசைத்து, ஊதியம் கருதாத தொண்டர்களின் கூட்டு முயற்சியாக இயான் முர்டாக் 1993-இல் தொடங்கியது டெபியன். அந்த டெபியனின் மீது எழுப்பப்பட்டதே பாஸ். 

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி முதல். அந்நாளையத் தொலைபேசி இணைப்பின் வேகத்தில் ஓர் இயங்குதளத்தை முழுதாக இறக்கிக்கொள்வது சாத்தியமில்லாத காரியம். ஆகவே, 1996-இல் பிசி குவெஸ்ட் பத்திரிகை லினக்ஸைக் குறுந்தகட்டில் பதித்து இதழோடு சேர்த்து வழங்கியபோது, இந்தியாவில் பலருக்கு அதுவே முதல் அறிமுகமாயிற்று. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவொன்று அமைந்து, ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துச் செல்லக்கூடிய தூரத்தில் இந்த வித்தை பழகும் இடமொன்று இருந்தது என்பது, ஆர்வமுள்ள ஓர் இளைஞனுக்குச் சிறு விஷயமல்ல.

அரசாங்கம் இத்துறையில் கால் வைத்தது 2005-இல். மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, சென்னை சி-டாக் நிறுவனத்தையும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையத்தையும் கூட்டுச் சேர்த்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை ஸ்தாபித்தது. 2007-இல் பாஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. ஆகவே இது எங்கோ சமுத்திரத்துக்கு அப்பால் ஆக்கப்பட்டு இங்கே இறக்குமதியான சரக்கல்ல. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பட்டியல்களும் கட்டளைகளும் தோன்றும்படி சென்னையிலேயே உழைத்துச் சமைக்கப்பட்டது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில், தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராயிருந்த உமாசங்கர் ஐஏஎஸ், மாநில அரசு வாங்கும் கணினிகளில் சூசி லினக்ஸைப் புகுத்தும் பெரும் பிரயத்தனத்தை மேற்கொண்டார். மடிக்கணினித் திட்டம் வந்தபோது, அதன் கொள்முதலைக் கவனித்ததும் அந்த எல்காட்தான். விண்டோஸை அறவே விலக்கியிருக்க வேண்டும் என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அப்போதே ஆட்சேபித்தார்கள். என் அபிப்பிராயம் வேறு: இரண்டும் இருந்ததில் குற்றமில்லை, ஒன்றைக் கற்பிக்க உலகமே காத்திருக்க, மற்றொன்றைக் கற்பிக்க ஒருவரையும் நியமிக்காததே குறை.

பாஸில் அமைந்திருந்த நலன்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் 99 விசைப்பலகையை அதில் தேர்ந்தெடுத்துக்கொண்ட மாணவி ஒருத்தி 'அம்மா' என்று எழுத வேண்டுமானால், இடது கை அகரத்தை ஒருமுறை தட்டும். வலது கை மகரத்தை இருமுறை தட்டும். முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். இடது கை ஆகாரத்தைத் தட்ட, சொல் முடிந்தது. நான்கே தட்டல்கள். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட இந்த ஏற்பாடு, உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமுமாக அமைந்து, தமிழின் இலக்கணத்தையே விசைகளில் இறக்கிவைத்திருக்கிறது. எழுதியது யூனிகோடு ஆகையால், உலகின் எந்த மூலையிலுள்ள கணினிக்கு அனுப்பினாலும் தமிழாகவே தெரியும். இவ்வளவும் தனியாக ஒரு காசு செலவில்லாமல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ஆனால், இயங்குதளம் என்பது தனித்து நிற்கும் வஸ்துவன்று. அதைச் சுற்றியுள்ள தொழிலும் கடையும் அலுவலகமும் பாடசாலையும் அதனோடு ஒத்துப்போனாலன்றி அது ஜீவிப்பதில்லை. முதற்சங்கடம் இணையத்தில் நேர்ந்தது. 2011-இல் வீட்டுக்கு வீடு கம்பி இணைப்புக் கிடையாது. கைவிரல் நீளத்திற்கு ஒரு டேட்டா கார்டு வாங்கி யுஎஸ்பி துளையில் செருகுவதே வழக்கம். அவற்றிற் பல, செருகியவுடன் தம்மை ஒரு குறுந்தகடாகக் காட்டிக்கொள்ளும். அந்தத் தகட்டுக்குள் விண்டோஸுக்குரிய நிறுவு நிரல் இருக்கும். விண்டோஸ் அதை ஓட்டிய பிறகே அது மோடமாக உருமாறும். லினக்ஸில் அந்த உருமாற்றத்தைச் செய்வதற்கென்று யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற தனி நிரல் வேண்டும். அது இல்லாத கணினியில் அதை இறக்கிக்கொள்ள இணையம் வேண்டும். இணையம் பெறவோ அந்த நிரல் வேண்டும். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அரைமணி நேரத்தில் தீரும் முடிச்சு இது; பொன்னேரியிலோ ஊத்துக்கோட்டையிலோ தனியே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கு, அந்த இயங்குதளத்தின் மேலேயே நம்பிக்கை அற்றுப்போகப் போதுமான முடிச்சு.

அடுத்தது எழுத்துரு. அரசு அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் அந்நாளில் தமிழென்றால் பெரும்பாலும் வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களே புழங்கின. ஆசிரியர் அவ்வெழுத்துருவில் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொடுத்த வினாத்தாளைப் பாஸில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். மதிப்பெண்ணுக்கு உழைக்கும் மாணவன், தமிழ் தெரியாதது பாஸ்தான் என்றே தீர்மானித்திருப்பான். யூனிகோடைத் தரமாகப் பின்பற்றும்படி 2010-இல் மாநில அரசு ஆணை பிறப்பித்திருந்தபோதிலும், ஆணை பிறந்த வேகத்தில் வழக்கம் மாறிவிடுமா?

மூன்றாவது காரணம் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. அக்காலத்துப் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தின் முதற்பாகம் பெரும்பாலும் ஸ்டார் ஆபீஸைப் பற்றியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அந்த ஸ்டார் ஆபீஸின் மூல நிரலை 2000-இல் திறந்துவிட்டதிலிருந்துதான் ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. பாஸ் சுமந்துவந்த அலுவலகச் செயலிகளும் அந்தக் குடும்பமே. ஆகவே, அந்த மாணவன் பாடத்தில் படித்த ரைட்டரும் கால்க்கும் இம்ப்ரெஸும் அவன் மடியிலேயே இருந்தன. அந்தச் சம்பந்தத்தை எடுத்துக்காட்டும் ஓர் அத்தியாயம் புத்தகத்தில் இல்லை. இரண்டாம் பாகமோ சி++ மொழி. அதன் பயிற்சி நிரல்கள் ஐயோஸ்ட்ரீம்.ஹெச் என்ற தலைப்புக் கோப்பையும், திரையைத் துடைப்பதற்காக கோனியோ.ஹெச் என்ற கோப்பையும் அழைத்துத் தொடங்கும்; இரண்டும் டர்போ சி++ காலத்து வழக்கங்கள். 1998-இன் சர்வதேசத் தரநிர்ணயம் முன்னதைக் கைவிட்டுவிட்டது. லினக்ஸின் ஜிசிசி தொகுப்பியும் 2008-இன் 4.3 பதிப்போடு அதை நீக்கிவிட்டது. பின்னது லினக்ஸில் என்றுமே இருந்ததில்லை. ஆகையால், புத்தகத்திலுள்ள நிரலை ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து பாஸில் ஓட்டிப் பார்த்த மாணவனுக்கு முதல் வரியிலேயே பிழை வந்து நிற்கும். முதல் வரியில் '.ஹெச்' என்பதை நீக்கி, பெயர்வெளிக்காக ஒரு வரி சேர்த்து, கோனியோ.ஹெச் வரியையும் திரை துடைக்கும் கட்டளையையும் எடுத்துவிட்டு, தேவைப்படும் ஓரிரு சிறு திருத்தங்களையும் செய்தால் ஓடிவிடும். அந்தத் திருத்தங்களை யாராவது ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பியிருக்கலாம்.

பள்ளியைக் கடந்து தொழிற்பேட்டைக்குப் போனால், அங்கும் வழி இதே திசையில்தான் போயிற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் லாரி உள்ளே வந்தால் முதலில் ஏறுவது எடைமேடை. பக்கத்துச் சிற்றறையில் ஒரு கணினியும், கிறீச்சிட்டு ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியும் இருக்கும். கணக்கறையில் டேலி, வரைபட அறையில் ஆட்டோகேட். டேலியும் ஆட்டோகேடும் விண்டோஸை நம்பியவை. பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் முடித்து அங்கே வேலை தேடும் பிள்ளை எதைப் பழகிக்கொள்வான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1990-களில் பல வங்கிக் கிளைகள் ஸ்கோ யூனிக்ஸில் ஓடியதையும், அதைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பிருந்ததையும் அறிந்தவர்கள், யூனிக்ஸ் வழி வந்த வித்தைக்கு நம் ஊர்களில் வேலையே கிடையாது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வேலை மேசைக் கணினியை விட்டுச் சர்வர் அறைகளுக்குள் போய்விட்டது, சர்வர் அறைகளோ கும்மிடிப்பூண்டியில் இல்லை.

ஆகவே, மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைகளில் "அண்ணே, இதை ஃபார்மட் பண்ணி விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்ற வேண்டுகோள் சகஜமாயிற்று. கடைக்காரரும் அந்தப் பகுதியை அழித்து, வன்தட்டில் சில ஜிபி இடம் மிச்சம் பிடித்துக் கொடுத்தார். கேட்டதைச் செய்த அவர் மீது ஒரு தவறும் இல்லை. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அதற்குப் பதிலாகப் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. சுற்றறிக்கை அலுவலகங்களைத் தேடிப் போனதே தவிர, பயிற்றுநர் கூடவே போகவில்லை; பழக்கமும் மாறவில்லை.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தது. பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதியது. எஸ்எஸ்எல்சி செய்முறைத் தேர்வையே லினக்ஸில் நடத்தியது. தேர்வில் வந்ததை மாணவன் படிப்பான், மாணவன் படிப்பதைப் பெற்றோர் மதிப்பார்கள். கேரளம் உழுது விதைத்தது. நாம் விதையை மட்டும் தாராளமாக இறைத்தோம்.

இறைத்த விதையும் அடியோடு வீணாகிவிடவில்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் தமிழிலேயே கற்பிக்கப் புகுந்தது. ஆங்கிலக் கையேட்டின் முன் தயங்கி நின்ற மாணவர்களுக்கு அது செய்த உபகாரம் பெரிது. 2018-இல் மாநிலம் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது, பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே டெபியனின் வழிவந்த லினக்ஸான உபுண்டுவும் ஒரு பாடமாக இடம்பெற்றது. சி++ நிரல்கள் புதிய தரத்தின்படி திருத்தப்பட்டன. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் நேரடியாகவே வந்தது. மறு ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. மடிக்கணினியின் வழியே வந்து தங்காமற்போன வித்தை, ஏழாண்டுகளுக்குப் பின் புத்தகத்தின் வழியே வந்தது.

அந்தப் பழைய மடிக்கணினிகள் இன்னும் திருவள்ளூர் மாவட்டத்தின் பல வீடுகளில், மூடியில் அரசு முத்திரையோடு பரணிலும் பீரோவின் மேலும் கிடக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு நின்றுவிட்டது; விண்டோஸ் 11 இவற்றைத் தொடாது, ஏனெனில் அது குறைந்தது 4 ஜிபி நினைவகத்தையும் டிபிஎம் 2.0 பாதுகாப்பையும் கேட்கிறது. டெபியனோ, எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போன்ற இலேசான திரைச்சூழலோடு 2 ஜிபி நினைவகத்திலும் நிதானமாக ஓடும். எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று, மின்கலம் தேய்ந்திருக்குமாகையால் சார்ஜர் ஒன்று, ஒரு மணி நேரப் பொறுமை ஆகிய இவை போதும். பதினொன்றாம் வகுப்பில் உபுண்டு படிக்கும் தங்கை, அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிக்கையில் வாங்கிவந்த அந்தப் பெட்டியிலேயே தன் செய்முறைப் பாடத்தைச் செய்து பார்க்கலாம். பைத்தானும் அதில் ஓடும்.