மிஸ்ட் கோலும் ரீலோட் காட்டும்: நம்ம ஊரில் கோல் மலிந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பத்தாம் தரப் பிள்ளைகளிடம் "மிஸ்ட் கோல் என்றால் என்ன?" என்று கேட்டால், "நாம கவனிக்காம விட்ட கோல்" என்கிறார்கள். சரியான விடைதான். ஆனால் நம்முடைய தலைமுறைக்கு அது கவனிக்காமல் விட்ட கோல் அல்ல, எடுக்கவே கூடாத கோல். ஒரு ரிங் என்றால் "வந்து சேர்ந்திட்டேன்". இரண்டு ரிங் என்றால் "நீங்க எடுங்க". மூன்று என்றால் வாசலில் நிற்கிறேன், கேற்றைத் திறங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. தப்பித்தவறி யாராவது "ஹலோ" என்று எடுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஏச்சுத்தான். காசு போய்விட்டதே!

இந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது, பிறகு ஏன் மறைந்தது என்பதும் வரலாறுதான். மன்னர்களையும் உடன்படிக்கைகளையும் படிப்பிக்கிற நாம், நம்ம கண் முன்னால் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுகிறோம். அதனால்தான் இந்தப் பதிவு.

தென்னாசியாவிலேயே கையடக்கத் தொலைபேசிச் சேவை முதலில் தொடங்கிய நாடு இலங்கை. இதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1989இல் செல்டெல் வந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதற்குப் பிறகுதான். 1993இல் மொபிடல், 1995இல் டயலொக். கோல் லிங்க் என்று ஒன்று இருந்ததே, அதுதான் பிற்காலத்தில் ஹச் ஆனது. இதெல்லாம் பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தப் பெருமை கொழும்பில் காரில் போகிறவர்களின் பெருமை. நம்ம ஊர்களில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு சாதாரண லேன்ட் லைன் எடுக்கவே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த வாப்பா மௌத்தாகி, மகன் பெயரில் லைன் வந்த கதைகளும் உண்டு. வடக்கு கிழக்கில் யுத்தம் வேறு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகுதான் யாழ்ப்பாணத்துக்கே கையடக்கத் தொலைபேசி போனது.

அதுவரை நமக்கு இருந்தது கொமினிகேஷன். சந்திக்குச் சந்தி ஒரு கடை. மரத்தால் அடித்த ஒரு சின்னக் கூண்டு, உள்ளே ஒரு போன், வெளியே விநாடியை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மீட்டர். சுவரில் ரேட் எழுதிய போட். உள்ளூர், வெளியூர், மொபைல், ஐ.டி.டி என்று தனித்தனி விலை. மொபைலுக்கு எடுப்பதென்றால் மனுஷர் யோசித்துத்தான் எடுப்பார்கள். மீட்டர் நிமிடம் தாண்டப் போகிறது என்றால் கதையைப் பாதியில் வெட்டுவார்கள், ஏனென்றால் 61ஆவது விநாடி என்றால் இரண்டு நிமிடக் காசு.

சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு அந்தக் கூண்டு என்னவாக இருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன்னர் கெசட்டில் பேசி அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ரெக்கோட் பண்ணி, ஊருக்கு வந்து திரும்பிப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட, அது போய்ச் சேர ஒரு மாதம். பதில் கெசட் வர இன்னொரு மாதம். கோல் என்றால் அன்றைக்கே குரல் கேட்கும், ஆனால் ஒரு கிழமைச் சாமான் காசு போகும். அழுகிறவர்கள்கூட சீக்கிரம் அழுது முடிக்க வேண்டிய காலம் அது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மொபைல் வந்ததும் இந்தக் கஷ்டம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. காரணம், நம்ம நாட்டில் கோல் எடுப்பவர் மட்டும் காசு கட்டவில்லை. கோல் வாங்குபவரும் கட்டினார்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத கதையாக இருக்கும். நமக்கு யாரோ கோல் எடுக்கிறார், நாம் "ஹலோ" என்கிறோம், நம்முடைய காட்டில் காசு குறைகிறது. மகள் ரியாதிலிருந்து தன்னுடைய சம்பளத்தில் காசு கொடுத்து எடுக்கிறாள், இங்கே உம்மாவின் ரீலோட்டும் கரைகிறது. ஒரே கோலுக்கு இரண்டு பக்கமும் காசு. தெரியாத நம்பர் வந்தால் எடுக்கப் பயம். பலர் போனை ஓஃப் பண்ணியே வைத்திருந்தார்கள். வாங்கியது பேசுவதற்கு, வைத்திருந்தது ஓஃபில். மிஸ்ட் கோல் கணக்கு பிறந்த இடம் இதுதான். எடுக்காத கோலுக்கு இரு பக்கமும் காசில்லை. ஏழை எளியவர்கள் கம்பனிக்காரனுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் அவனுடைய கோபுரத்தின் வழியாகவே செய்தி அனுப்பினார்கள். இதைக் களவு என்று சொல்ல முடியாது, கெட்டித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். கொழும்பில் உள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம்கூட, குறைந்த வருமானம் உள்ளவர்கள் போனைப் பாவிக்கிற விதத்தை ஆராய்ந்தபோது இந்த மிஸ்ட் கோலையும் ஒரு விஷயமாக எடுத்துப் பார்த்தது.

இந்தியாவில் 2003 மே மாதத்திலிருந்தே எடுப்பவர்தான் காசு கட்டினார், வரும் கோல் இலவசமானது. பாகிஸ்தான் அதற்கு முன்னமே மாறிவிட்டது. முதலில் மொபைல் கொண்டுவந்த நாம் இதில் மட்டும் பின்னுக்கு நின்றோம். ஏன் என்றால், வரும் கோலை இலவசமாக்க வேண்டுமானால் எடுத்தவரின் கம்பனி, வாங்கியவரின் கம்பனிக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். இரண்டு கோபுரங்களும் வேலை செய்கின்றன, காசு வாங்கியது ஒருவர்தான் என்பதால் அந்தப் பங்கு. அது எவ்வளவு என்பதில் கம்பனிகளுக்குள் இணக்கம் வருவது லேசல்ல. ஆட்கள் கூட உள்ள கம்பனிக்கு ஒரு நியாயம், ஆட்கள் குறைந்த கம்பனிக்கு இன்னொரு நியாயம்.

இடையில் நம்ம ஆட்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். 2005ஐ ஒட்டி சீ.டீ.எம்.ஏ போன்கள் வந்தன, ஞாபகமா? லேன்ட் லைன் மாதிரி பெரிய போன், ஆனால் வயர் இல்லை, பின்னால் ஒரு சின்ன ஏரியல். சட்டப்படி அது வீட்டுப் போன், அதனால் வரும் கோலுக்குக் காசில்லை. ஷோகேசுக்கு மேலே பின்னல் துணி விரித்து வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அதிலேதான் வெளிநாட்டுக் கோல் வரும். "உங்கட மகன் லைன்ல நிற்கிறான்" என்று வேலிக்கு மேலால் கூப்பிட்ட காலம்.

வெளிநாட்டுக் கோல் மலிந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2002 ஆகஸ்ட் வரை நாட்டுக்கு வெளியே போகும் வரும் எல்லாக் கோலும் ஸ்ரீ லங்கா டெலிகொம் என்ற ஒரே வாசலால்தான் போக வேண்டும். 2003இல் மற்றக் கம்பனிகளுக்கும் அந்த வாசல் திறந்தது. போட்டி வந்ததும் ஐ.டி.டி விலை இறங்கியது. ஆனால் 2004 நிதிச் சட்டத்தோடு, வெளிநாட்டிலிருந்து வரும் கோல் நிமிடங்களுக்கு ஒரு தீர்வை வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் கோல் எடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போன பெண்களும் கூலிக்குப் போன ஆண்களும்தான். அவர்கள் அனுப்பும் காசில் நாடு ஓடுகிறது, அவர்கள் பேசும் நிமிடத்திலும் நாடு கை வைத்தது. இது நமக்கு அன்றும் சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

2009 ஜனவரியில் எயார்டெல் வந்தது. டயலொக், மொபிடல், டிகோ, ஹச், எயார்டெல் என்று இரண்டு கோடி ஆட்களுக்கு ஐந்து கம்பனிகள். அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். சிம் இலவசம், கோல் சதக் கணக்கில், இரவு முழுக்கப் பேசலாம் என்று தினமும் ஒரு விளம்பரம். பெரிய கம்பனிகள்கூட அந்த வருடம் பெரும் நட்டம் கண்டன. வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம்.

2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தலையிட்டு ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்தது. கம்பனிக்குக் கம்பனி கொடுக்கும் பங்கு நிமிடத்துக்கு 50 சதம் என்று நிர்ணயித்து, வரும் கோலுக்குக் காசு எடுப்பதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்துதான் நம்ம உம்மாமார் பயமில்லாமல் போனை எடுத்தார்கள். மற்றது, கோல் விலை இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அடிமட்டத்தையும் வைத்தது. ஒரே கம்பனிக்குள் நிமிடத்துக்கு 1 ரூபா, அடுத்த கம்பனிக்கு அதைவிடக் கூட. கம்பனிகள் சண்டையிலே செத்துவிடக் கூடாது, செத்தால் மிஞ்சுகிறவன் விலையைக் கூட்டுவான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மலிவாகக் கொடுக்கத் தயாராக இருந்தவனைக் கொடுக்காதே என்று தடுத்ததும் அதே சட்டம்தான்.

அந்த வித்தியாச விலைதான் நமக்கு டபுள் சிம் பழக்கத்தைக் கொண்டுவந்தது. மச்சானுக்கு எடுக்க ஒரு சிம், மாமிக்கு எடுக்க ஒரு சிம். கல்யாணக் காட்டில் ஒரே ஆளின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று நம்பர் அடித்தார்கள். கொமினிகேஷன் கூண்டுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, அதே கடைகள் ரீலோட் போடுவதும் போட்டோகொப்பி அடிப்பதுமாக மாறின. பிறகு ஐமோவும் வட்ஸ்அப்பும் வந்ததைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கெசட் அனுப்பிய உம்மாவே இப்போது பேரனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

இத்தோடு கதை முடிந்தது என்று நாமும் நினைத்திருந்தோம். 2022 வேறொன்றைக் காட்டியது. ரூபா விழுந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் மொபைல் கட்டணங்கள் 20 வீதம் கூடின. தொலைத்தொடர்பு வரி 11.25 வீதத்திலிருந்து 15 வீதமாகியது. பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து ஏறி ஏறி 2024 ஜனவரியில் 18 வீதத்தில் வந்து நின்றது. நூறு ரூபாவுக்கு ரீலோட் போட்டால் பேசுவதற்குக் கிடைப்பது நூறு ரூபா அல்ல.

அதோடு, ஐந்து கம்பனிகளும் இப்போது இல்லை. டிகோ எடிசலாட் ஆகி, 2018இல் ஹச்சோடு சேர்ந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. மிச்சம் மூன்று. 1989இலிருந்து இன்று வரை பார்த்தால், கோல் விலை நன்றாக விழுந்தது புதிதாக ஒருவர் சந்தைக்குள் வந்தபோதுதான். இனி வருவதற்கு யாரும் வரிசையில் நிற்பதாகத் தெரியவில்லை.

டேட்டா உள்ளவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது, அவர்கள் கோல் எடுப்பதே குறைவு. தெரிவது பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு. தனியாக இருக்கிற மூத்தம்மா, கடலுக்குப் போகிறவர், வயல் காவலுக்குப் போகிறவர், கண் சரியாகத் தெரியாததால் டச் போன் வேண்டாம் என்றவர். நாம் எல்லோரும் வட்ஸ்அப்புக்குப் போய்விட்டோம், ஏறிய விலையில் நிமிடக் கணக்கில் கட்டிக்கொண்டிருப்பது அவர்கள்தான். நம்ம ஊரில் இன்றைக்கும் ஒரு ரிங் அடித்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் அது இவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். திருப்பி எடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாடசாலையில் இதையெல்லாம் ஒரு சின்னக் கண்காட்சியாக வைக்க யோசிக்கிறோம். பழைய கொமினிகேஷன் ரேட் போட், மீட்டர், சுரண்டிய ரீலோட் காட், சீ.டீ.எம்.ஏ போன், வெளிநாட்டுக்கு அனுப்பிய கெசட், எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். கெசட் என்றால் உங்கள் வீட்டுக் குரல் பதிந்தது, அதைக் கேட்கப் போட மாட்டோம், உறையோடு வைத்துவிட்டுத் திருப்பித் தருவோம். உங்கள் வீட்டில் எத்தனை ரிங்குக்கு என்ன அர்த்தம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறார்கள், இதுவரை பதினொரு வீட்டுக் கணக்கு சேர்ந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை.