இரும்புக்கை மாயாவி

1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ். தமிழில் பரவலாகப் படிக்கப்பட்ட அறிவியல் படக்கதை. மூலம் 1962 முதல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த ‘தி ஸ்டீல் க்ளா’. முதலில் எழுதியவர் அறிவியல் புனைகதையாளர் கென்னத் புல்மர். பின்னர் டாம் டல்லி. ஓவியம், ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

ஆய்வக விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் தாக்கியதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் குற்றவாளி, பிற்பாடுதான் உளவாளி. அந்த இருண்ட தொடக்கமே தொடரின் சிறந்த பகுதி.

கறாரான அறிவியலுக்கு இது தேறாது: ஒளி முழுவதும் ஊடுருவிச் செல்லும் விழித்திரையில் பிம்பம் விழாது, ஆகவே மாயாவி குருடனாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிப் பையன்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிளாஸ்கோவின் கருப்பு வெள்ளை நிழல்கள், மலிவான தாளில் அச்சானபோதும் நம்பவைத்தன. அன்றைய சிறுவர்கள் நடுவயதைக் கடந்த பின்னும் மறுபதிப்புகளை வாங்குகிறார்கள்.