ஜெனோவாக்காரரின் கப்பலில் ஒரு ஹாஜி

மத்தியதரைக் கடலின் தொன்மையான துறைமுக நகரங்களுள் ஜெனோவாவும் ஒன்று. இன்று அங்கிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமந்தவாறு உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. மஸ்ஸீனா, பலெர்மோ, வலென்ஸியா முதலிய ஊர்களில் அவை ஒருநாள் நின்று செல்கின்றன. விடுமுறைக்காக அவற்றில் செல்ல விரும்பும் குடும்பத்தார் நாளையும் அறையையும் இறங்கிப் பார்க்கும் ஊர்களையும் தேர்ந்து கொண்டால் போதும். நம்மவராயின் ஹலால் உணவு, கிப்லாவின் திசை, கஸ்ருத் தொழுகை ஆகியவற்றையும் விசாரித்துக் கொள்வர். காற்று எத்திசையில் வீசும், கப்பல் தலைவர் நம்பத்தக்கவரா என்னும் வினாக்கள் எவர் மனத்திலும் எழுவதில்லை.

எண்ணூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே கடலில், ஜெனோவாக்காரரின் கப்பலிலேயே ஒரு முஸ்லிம் அறிஞர் பயணம் செய்தார். அவரது பயணக் குறிப்பு நம்மிடம் உள்ளது. அதில் முதலிடம் பெறுவன அவ்விரு வினாக்களே.

அபுல் ஹுஸைன் முஹம்மது இப்னு ஜுபைர் (ரஹ்) 1145ஆம் ஆண்டு அந்தலுஸின் பலன்ஸியா நகரில், அதாவது இன்றைய வலென்ஸியாவில் பிறந்தவர். கர்னாதா ஆளுநரின் எழுத்தராகப் பணியாற்றியவர். ஹிஜ்ரி 578 ஷவ்வால் மாதத்தில் (1183 பிப்ரவரி) ஹஜ்ஜை நாடி ஊரைவிட்டுப் புறப்பட்டார். ஸப்தா துறைமுகத்தில் இஸ்கந்தரிய்யா செல்லவிருந்த ஜெனோவாக் கப்பல் ஒன்றில் ஏறினார். ஸர்தானிய்யா தீவருகே கடும் புயலைக் கடந்து, சுமார் முப்பது நாள்களில் எகிப்தை அடைந்தார்.

ஹஜ்ஜுக்குச் செல்லும் முஸ்லிம் ஒருவர் கிறிஸ்தவரின் கப்பலில் ஏறலாமா? மஃக்ரிபு நாட்டு மாலிகி மத்ஹபு அறிஞர்களிடையே இது வெறும் ஏட்டு வினாவாக இருக்கவில்லை. நார்மானியர் ஆட்சியிலிருந்த ஸிகிலிய்யாத் தீவுக்கு (ஸிஸிலிக்கு) உணவுத் தானியம் வாங்கச் செல்வது பற்றி, 1141இல் மறைந்த இமாம் மாஸரீயிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. முஸ்லிம் மீது பிற மதத்தாரின் சட்டம் செல்லுபடியாகும் இடத்துக்கு அவ்வாறு செல்வது கூடாது என்பதே அவரது தீர்ப்பு. எனினும் மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் கடல்வழியில் இத்தாலிய நகரங்களின் கப்பல்கள் மிகுந்திருந்த காலம் அது. இப்னு ஜுபைர் அக்கப்பலில் ஏறினார். பயணத்தில் அவர் கண்டவற்றைக் கவனித்தால், அம்முடிவின் இரு பக்கங்களும் நமக்கு விளங்கும்.

இஸ்கந்தரிய்யாவில் இறங்கியதும் அவருக்கு நேர்ந்த முதல் துன்பம் முஸ்லிம் அதிகாரிகளால் விளைந்தது. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் சுங்க அலுவலர்கள் பயணிகளின் பெயர்களையும் பொருள்களையும் பதிந்தனர். அப்பொருளுக்கு ஓராண்டு நிறைந்ததா என்று கேளாமலேயே ஜகாத் வசூலித்தனர். ஆடைக்குள் கைவிட்டுச் சோதித்தனர். இது சுல்தானின் செவிக்கு எட்டியிருந்தால் தடுத்திருப்பார் என்று நம்பிய இப்னு ஜுபைர், அந்நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதி வைத்தார்.

மக்கா, மதீனா, பக்தாத், திமிஷ்க் ஆகிய நகரங்களைக் கண்ட பின்னர் 1184 செப்டம்பரில் அவர் பரங்கியர் வசமிருந்த அக்கா துறைமுகத்துக்கு வந்தார். அப்போது ஸலாஹுத்தீனின் படைக்கும் பரங்கியருக்கும் இடையே போர் நடந்து கொண்டிருந்தது. வணிகக் கூட்டங்களோ இரு தரப்பின் எல்லைகளையும் தடையின்றிக் கடந்து சென்றன. இது இப்னு ஜுபைரைப் பெரிதும் வியக்க வைத்தது. அக்காவின் சுங்கச் சாவடியில் கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் பேசி, அரபியிலேயே கணக்கெழுதினர். கனிவோடு நடந்து கொண்டனர். அதே மண்ணில் முஸ்லிம் கைதிகள் விலங்கிடப்பட்டு உழல்வதையும் கண்டு அவர் நெஞ்சுருகினார். பரங்கியரின் பெயரைக் குறிப்பிடும்போது சாபச் சொற்களைச் சேர்த்தே எழுதுவது அவரது வழக்கம். ஆயினும் சுங்கச் சாவடியின் கனிவை அவர் விட்டுவிடவில்லை. கைதிகளின் விலங்கையும் விட்டுவிடவில்லை.

ஊர் திரும்பக் கப்பல் தேட வேண்டியிருந்தது. ஸூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் இருப்பதறிந்து அங்கே சென்று பார்த்தார். அது சிறியதாகத் தோன்றியமையால் அக்காவுக்கே மீண்டு, ஜெனோவாக்காரர் ஒருவரின் பெரிய கப்பலில் இடம் பிடித்தார். அக்டோபர் 6ஆம் நாள் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு கப்பலேறியவர், பன்னிரண்டு நாள்கள் காற்றுக்காகக் காத்திருந்தார். மேற்கே செல்வதற்குக் கீழைக்காற்று தேவை. அக்கரையில் அது இளவேனிலிலும், இலையுதிர் காலத்தில் அக்டோபர் நடுவில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து நாள்களும் மட்டுமே வீசும் என்பதை அவர் விரிவாக எழுதுகின்றார். காத்திருந்த நாள்களில் இரவில் கரையில் தங்கிய அவரும் தோழர்களும், ஒரு விடியலில் கப்பலைக் காணாது திகைத்தனர். காற்று வந்ததும் அது பாய்விரித்துப் போய்விட்டிருந்தது. துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, துரத்திச் சென்று அதனைப் பிடித்தனர்.

கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவ யாத்திரிகர்கள் இருந்ததாக அவர் மதிப்பிடுகின்றார். முஸ்லிம்கள் தனியிடத்தில் தங்கினர். மாதுளை, கொட்டைப் பருப்பு, வெங்காயம், பூண்டு, பாலாடைக்கட்டி என ஒரு நகரத்துக் கடைவீதியில் கிடைப்பன யாவும் அங்கே விற்கப்பட்டன. நவம்பர் முதல் நாளிரவு கிறிஸ்தவர்கள் தம் பண்டிகைக்காக ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றிய காட்சியையும் அவர் விவரித்துள்ளார். பயணத்தில் இரு முஸ்லிம்கள் இறந்தனர். அவர்களின் உடல்கள் கடலில் விடப்பட்டன. நம் கடற்கரை ஊர்களில் நகுதா எனப்படும் கப்பல் தலைவரே இறந்தோரின் உடைமைக்கு உரியவரானார். அது அவர்களின் வழக்கம். வாரிசுகளுக்கு ஒன்றும் இல்லை. இமாம் மாஸரீ அஞ்சியது எதனை என்பது இங்கே தெளிவாகின்றது. அயலாரின் சட்டத்துக்குள் செல்பவன், உயிர் பிரிந்த பின்னரும் அச்சட்டத்துக்கே உட்படுகின்றான்.

எதிர்க்காற்றினால் பயணம் நீண்டது, உணவு குறைந்தது. 1184 டிசம்பரில், ரமளான் மாதத் தொடக்கத்தில், மஸ்ஸீனாவின் கரையருகே கப்பல் தரைதட்டி உடைந்தது. மீட்க வந்த படகுக்காரர்கள் கூலி கேட்டனர். கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்கள் உடையும் கப்பலிலேயே நின்றனர். அப்போது அவ்வூரிலிருந்த ஸிகிலிய்யாவின் கிறிஸ்தவ அரசர் இரண்டாம் வில்லியம் கரைக்கு வந்தார். அவர்களைக் கரைசேர்க்கத் தம் நாணயத்தில் நூறு ருபாயீ, அதாவது நூறு கால் தீனார் வழங்க ஆணையிட்டார். அரபி எழுதவும் படிக்கவும் அறிந்த அவ்வரசரின் நற்குணங்களை இப்னு ஜுபைர் மனமுவந்து எழுதியுள்ளார்.

ஆனால் அவரது நோக்கு அரசரின் கொடையோடு நின்றுவிடவில்லை. பலெர்மோவைக் கடந்து தராபனீஷ் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது, அத்தீவின் முஸ்லிம்கள் தம் உள்ளத்தை அவரிடம் திறந்தனர். அவர்களுள் மதிப்புமிக்க ஒருவர், ஹாஜிகளில் எவரேனும் தம் மகளை மணந்து அழைத்துச் செல்வாரா என்று கேட்டனுப்பினார். பிள்ளைகள் ஈமானை இழந்துவிடுவரோ என்னும் அச்சமே பெற்ற மகளை முன்பின் அறியாத பயணியிடம் ஒப்படைக்கத் தூண்டியது. அவ்வச்சம் வீணாகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் அத்தீவின் முஸ்லிம்களை இத்தாலியின் லூசேராவுக்குப் பெயர்த்தார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. கப்பல் பயணியைக் காத்தது ஒப்பந்தம். கூலி பெற்றவர் கொண்டு சேர்க்கக் கடமைப்பட்டவர். மதம் வேறாயினும் கடமை மாறாது. நம் முன்னோர் இதற்கெனத் தனிநூலே எழுதியுள்ளனர். பத்தாம் நூற்றாண்டின் 'கிதாபு அக்ரியத்திஸ் ஸுஃபுன்' கப்பல் வாடகையின் சட்டங்களை விளக்குவது. ஸிகிலிய்யாவின் முஸ்லிம்களைக் காத்ததோ ஓர் அரசரின் இரக்கம். இரக்கம் அரசரோடு முடிந்தது. பயணிக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. குடியிருந்தோருக்கு அது இல்லை.

இப்னு ஜுபைர் 1185 ஏப்ரலில் கர்னாதாவை அடைந்தார். பின்னர் மேலும் இருமுறை கிழக்கே சென்று, 1217இல் இஸ்கந்தரிய்யாவில் மறைந்தார். தம்மவரின் அநீதியையும் பகைவரின் நன்மையையும் ஒரே மையினால் எழுதியதே அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் எனலாம். ஸூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனம் கற்பிக்கும் நீதி, ஒரு பயணியின் பேனாவில் எவ்வாறு வெளிப்படும் என்பதற்கு அவரது நூல் சான்று.

அக்கடலில் விடுமுறைப் பயணம் செல்ல எண்ணும் நம் வாசகர்கள் பலெர்மோவில் இறங்குவராயின், அரண்மனைத் தேவாலயத்தின் மேற்கூரையை அண்ணாந்து நோக்கட்டும். நார்மானிய அரசருக்காகத் தீட்டப்பட்ட அந்த மரக்கூரையில் அரபி எழுத்துகள் இன்றும் உள்ளன. அவ்வெழுத்தை வாசித்த மக்கள் அவ்வூரில் எஞ்சவில்லை. கப்பல் புறப்படும் நேரத்தைக் குறித்துக் கொள்ளும்போது, திரும்பும் கப்பல் கிடைக்காத அம்மக்களையும் நினைத்துக் கொள்வது நம் கடன்.