கிளம்ப மறுத்த மோரிஸ் மைனர்



கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுது. கிள்ளானில் என் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மோரிஸ் மைனர் மகிழுந்து கிளம்ப மறுத்தது. பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருந்த இளமைக் காலத்தில் அவர் வாங்கிய வண்டி அது. எந்திரம் சுற்றுகிறது, ஆனால் உயிர் பெறவில்லை.

வேலியோரம் கூடிய எங்களிடம் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "பேட்டரியை மாற்றுங்கள்" என்றார் ஒருவர். "பெட்ரோல் பம்ப் போய்விட்டது" என்றார் இன்னொருவர். "பேசாமல் விற்றுவிடுங்கள் சார்" என்றேன் நான்.

சற்று நேரத்தில் முதிய மெக்கானிக் ஒருவர் தம் பேரனுடன் வந்து சேர்ந்தார். பேரன் என் ஐந்தாம் ஆண்டு மாணவன். அவனைக் கண்டதும் எனக்குச் சற்றுக் கூச்சமாயிற்று. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அதற்கு முன் சிறிது வரலாறு. மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மகிழுந்துக் கண்காட்சியில் அறிமுகமானது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் தயாரிக்கப்பட்டன. நம் நாட்டில் அந்நாளைய ஆசிரியர்களும் எழுத்தர்களும் தங்கள் ஊதியத்திற்குள் கனவு காணக்கூடிய வண்டியாக அது இருந்தது.

அதன் முன்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். பேட்டரி கைவிட்டால் அத்துளை வழியே இரும்புக் கைப்பிடியைச் செருகி, கையாலேயே எந்திரத்தைச் சுழற்றலாம். தொடக்க கால மகிழுந்துகள் பலவற்றையும் இப்படித்தான் கிளப்பினர். எந்திரம் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த ஆபத்துக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் உருவாக்கிய மின் தொடக்கி 1912ஆம் ஆண்டுக் காடிலாக் மகிழுந்துகளில் பொருத்தப்பட்டது. இந்தக் கெட்டரிங் இளமையில் கிராமப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி!

இனி மெக்கானிக்கிடம் வருவோம். அவர் எங்கள் ஆலோசனைகளை எல்லாம் புன்னகையோடு கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், எதையும் மாத்த வேண்டாம். முதல்ல மூணு கேள்வி கேப்போம். கரண்டு இருக்கா? பெட்ரோல் வருதா? நெருப்புப் பொறி விழுதா?"

முதல் கேள்விக்கு விடை எளிது. எந்திரம் வேகமாகச் சுற்றுகிறது, விளக்குகள் மங்கவில்லை. ஆகவே பேட்டரி குற்றவாளி அன்று.

இரண்டாம் கேள்விக்கு அவர் காதையே கருவியாக்கினார். சாவியைத் திருப்பிவிட்டு எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். மோரிஸ் மைனரின் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று வேகமாக ஒலித்து, கார்புரேட்டரின் சிறு தொட்டி நிரம்பியதும் அடங்கிவிடும். அன்றும் அப்படியே ஒலித்து அடங்கியது. கார்புரேட்டரைத் திறந்து பார்த்தார்; பெட்ரோல் வந்திருந்தது. ஆகவே பம்பும் குற்றவாளி அன்று.

மூன்றாம் கேள்வி மீதமிருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் உடல் எந்திரத்தின் இரும்பைத் தொடும்படி வைத்து, எந்திரத்தைச் சுழற்றச் செய்தார். பொறி விழவில்லை. பிழையின் இருப்பிடம் இப்போது குறுகிவிட்டது.

அடுத்து டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். அதனுள் 'பாயிண்ட்' எனப்படும் இரு சிறு உலோக முனைகள் உள்ளன. எந்திரம் சுழலும்போது அவை மூடித் திறக்கும். மூடியிருக்கையில் சுருளில் மின்னோட்டம் பாயும்; திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபடும். அவ்வாறு அறுபடும்போதுதான் பேட்டரியின் 12 வோல்ட், சுருளில் பல ஆயிரம் வோல்ட்டாக எழுந்து பிளக்கில் பொறியாகத் தாவும். எங்கள் வண்டியில் அம்முனைகளைத் திறக்கும் சிறு குதிகால் தேய்ந்துபோயிருந்தது. முனைகளும் கறுத்திருந்தன. அவை திறக்கவேயில்லை, பொறி எப்படி வரும்?

மெல்லிய அரத்தால் முனைகளைத் துடைத்தார். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். "தம்பி, நீ வை" என்று அளவுத் தகட்டைப் பேரனிடம் கொடுத்தார். அவன் தகட்டை நுழைத்துப் பார்த்து, "இன்னும் இறுக்கமா இருக்கு தாத்தா" என்றான். திருகைச் சற்றே தளர்த்தினான், மீண்டும் அளந்தான். மூன்றாம் முறை அவனே தலையசைத்தான்.

வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியது!

இப்போது என் கூச்சத்தின் காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான், பின்னக் கணக்கில் பிழை செய்த அந்த மாணவனிடம் வகுப்பறையில், "ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் ஸ்பானர்தான் பிடிக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தேன். ஆயிரத்தில் பதினைந்து பங்கு என்பதும் பின்னம்தானே? அதை அவன் விரல் நுனியில் வைத்திருந்தான்.

இச்சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. 1877ஆம் ஆண்டு 22 இரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வெளிவந்தது. மகிழுந்து பெருகப் பெருக டயருக்கு இரப்பர் வேண்டியிருந்தது. இரப்பருக்குப் பால்வெட்டும் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்பு அதுவே. எனவே மகிழுந்து நமக்கு அந்நியப் பொருள் அன்று. அதன் சக்கரத்தடத்தில்தான் நம் பள்ளிகள் பல முளைத்தன.

ஆனால் அந்தக் கைகளுக்குக் கிடைத்த மதிப்பு என்ன? 1941ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். ஊதிய உயர்வோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்ட அதிகாரிகளின் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. உலகத்தின் டயர்களுக்குப் பால் எடுத்தவர்களுக்குத் தம் இரு சக்கரங்களில் நிமிர்ந்து செல்ல உரிமையில்லை! அந்தப் போராட்டம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின.

உழைக்கும் கையைத் தாழ்வாகப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் அவர்கள் நின்றார்கள். அதே பழக்கத்தை நாம் வகுப்பறைக்குள் கொண்டு வரலாமா? என் மாணவனை நோக்கி நான் சொன்ன சொல்லை எண்ணும்போது எனக்கு இதுவே தோன்றியது.

அன்று விடைபெறுமுன் மெக்கானிக்கிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். "2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கினவே, அவற்றையும் இப்படித்தான் கிளப்பினீர்களா ஐயா?" அவர் தலையசைத்து மறுத்தார். நீரில் மூழ்கிய வண்டியை உடனே முடுக்கவே கூடாதாம். சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது. முடுக்கினால் உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். "எப்பக் கிளப்பணும்னு தெரிஞ்சா மட்டும் போதாது சார். எப்பக் கிளப்பக் கூடாதுன்னும் தெரியணும்" என்றார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பாடத்தில் பின்தங்கினால், வேலியோரம் நின்ற எங்களைப்போல் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கண் தெரிகிறதா, காலையில் உண்டானா, எந்தப் படியில் நின்றுவிட்டான் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும்.

பள்ளி திறந்த முதல் நாள், வகுப்பு முழுவதும் கேட்கும்படி நான் சொன்னதை, வகுப்பு முழுவதும் கேட்கும்படியே திரும்பப் பெற்றுக்கொண்டேன். பின்னர் அந்த மாணவனை அழைத்து, 0.4 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று நண்பர்களுக்கு விளக்கச் சொன்னேன். ஒரு தடித்த அட்டையை உயர்த்திக் காட்டி, "ஏறக்குறைய இவ்வளவுதான் சார்" என்றான்.