சரம்

கணினி நிரலில் ‘ஸ்ட்ரிங்’ எனப்படும் தரவு வகையைத் தமிழில் சரம் என்கிறோம். பூச்சரம், மணிச்சரம் என்று வீட்டில் புழங்கும் சொல்தான். வடமொழி வழி வந்தது, அம்பு என்றும் பொருள்படும். அம்போடு குழம்புமே, ‘எழுத்துத்தொடர்’ என்றால் பளிச்சென்று விளங்காதா என்பார்கள். விளங்கும், ஆனால் தவறாக. கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் எழுதும் ஸ்கிராட்சில், நீளம் சொல்லும் கட்டத்தில் முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் ‘டெய்ரி ஃபார்ம்’ என்ற பகுதியின் பெயரை இட்டால் 14 என்று வரும். நம் கணக்கில் எழுத்து 7, இடைவெளி 1. ‘டெ’யை அது டகரம், கொம்பு என்று இரண்டாக எண்ணுகிறது, மெய்யின் புள்ளியும் அதற்குத் தனி மணி. ஆய்தம் மட்டும் உடையாமல் தப்பியது. யூனிகோட் அதற்கு ‘விசர்க்கக் குறி’ என்று பெயர் வைத்துவிட்டு, வகையில் எழுத்து என்றே சேர்த்திருப்பது தனி வேடிக்கை.

இது ஸ்கிராட்சின் குறை, சொல்லைப் பற்றிய வழக்கல்ல என்று மறுக்கலாம். ஸ்விஃப்ட் நிரல்மொழி இதே பெயருக்கு 8 என்கிறது. சரி, அந்த எட்டிலும் ஓர் இடைவெளி இருக்கிறதே, அதை எந்த இலக்கணம் எழுத்தென்று ஏற்கும்? காற்புள்ளி, கேள்விக்குறி, இலக்கம் எல்லாமே இதில் கோக்கப்படுகின்றன. கோத்தது எது என்று சொல்லாமல், வரிசையாகக் கோத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்வதால் சரமே பொருந்துகிறது.