சிறுத்த கணனியும் நீர்க் குளிரூட்டலும் – ஒரு வரலாற்று நோக்கு

மின்சாரத்தால் இயங்கும் எப்பொறியும் தான் பெறும் வலுவின் ஒரு பகுதியை வெப்பமாக இழப்பது இயல்பு. கணனியோ ஒரு பகுதியையன்று, ஏறத்தாழ முழுவதையுமே வெப்பமாக மாற்றிவிடுகின்றது. அது தூக்கிவைக்கும் பாரம் எதுவுமில்லை. இழுத்துச் செல்லும் வண்டியுமில்லை. உட்புகுந்த வலு யாவும் இறுதியில் அறையின் வெப்பமாகவே வந்து சேருகின்றது. கணனியின் வரலாற்றை எழுதுவோர் அதன் வேகத்தையும் நினைவாற்றலையும் விரித்துப் போற்றுவர். அவ்வெப்பம் எவ்வாறு வெளியேற்றப்பட்டது என்பதை அடிக்குறிப்பளவில் விட்டுவிடுவர். இதன் விளைவாகவே, மேசை மூலையில் அடங்கும் சிறு பெட்டியொன்றினுள் நீர்க்குழாய்களைப் பொருத்தத் திட்டமிடும் இன்றைய இளைஞரின் முயற்சி வெறும் ஆடம்பரம் எனப் பலராற் கருதப்படுகின்றது. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கணனியின் கடந்த காலத்தைக் கொண்டே ஆராய வேண்டும்.

1946 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகறிய இயக்கிக் காட்டப்பட்ட எனியாக் பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது 150 கிலோவாற்று அளவில் வலுவை உட்கொண்டது. எனினும் அது பெரியதோர் அறையை நிறைத்து நின்றமையால் விசைக்காற்றை ஊதியே அதன் வெப்பத்தை அகற்ற முடிந்தது. இடம் தாராளமாக இருந்தவிடத்துக் காற்றே போதுமானதாயிற்று. 1951 இல் வெளிவந்த யூனிவாக் பொறிக்குக் குளிர்ந்த நீரின் துணையும் வேண்டப்பட்டது. ஆயினும் ஆங்கு நீர் குளிர்வித்தது காற்றையே. அக்காற்றே குழாய்களைக் குளிர்வித்தது.

நீர் பொறியின் உள்ளே புகுந்தமைக்கு வேறொரு காரணம் உண்டு. ஒளி ஒரு நனோசெக்கனில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரமே செல்லும். கம்பியில் ஓடும் சைகை அதனினும் மெதுவாகவே செல்லும். ஆகவே கணனியின் வேகத்தைக் கூட்ட விரும்பியவர்கள் கம்பிகளைக் குறுக்க வேண்டியவராயினர். கம்பியைக் குறுக்க உறுப்புகளை நெருக்கினர். உறுப்புகள் நெருங்கவே வெப்பமும் நெருங்கியது. 1964 இல் வெளிவந்த சீ.டி.சி. 6600 பொறியை வடிவமைத்த சீமோர் கிறே, குளிர்சாதனப் பெட்டிகளிற் பயன்படுவது போன்ற பிறியன் வாயுவைக் குழாய்வழி செலுத்தி அதனைக் குளிர்வித்தார். ஐ.பி.எம். கம்பனியின் சிஸ்டம்/360 வரிசையைச் சேர்ந்த 91ஆம் மாதிரியில், காற்றுப் பாதையின் இடையிடையே நீர் ஓடும் வெப்பப் பரிமாற்றிகள் வைக்கப்பட்டன. கிறேயின் பிற்காலப் படைப்புகளில் இந்நெருக்கம் உச்சத்தை அடைந்தது. 1985 இன் கிறே-2 ஏறத்தாழ நான்கடி உயரமே உடையது. அதன் சுற்றுப் பலகைகள் அனைத்தும் மின்னைக் கடத்தாத புளோரோகாபன் திரவத்தினுள் முற்றாக அமிழ்த்தப்பட்டிருந்தன. சிறுமையும் வேகமும் ஓருருவிற் சேர வேண்டுமாயின் காற்றைக் கைவிட வேண்டும் என்பது அன்றே உணரப்பட்டதாகும்.

இவ்வரலாற்றில் மிகவும் நுட்பமான அத்தியாயம் 1980 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081 என்னும் பொறிக்குரியது. 90 மில்லிமீற்றர் பக்கமுடைய பீங்கான் தகடொன்றின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டன. ஒவ்வொரு சில்லின் முதுகையும் தனித்தனி அலுமினிய முளையொன்று சுருள்வில்லின் அழுத்தத்தால் தொட்டு நின்றது. சில்லுகள் யாவும் ஒரே மட்டத்தில் அமைவதில்லை ஆதலின், சற்றுச் சரிந்த சில்லையும் முளை தானே அசைந்து தழுவிக்கொள்ளுமாறு இவ்வேற்பாடு செய்யப்பட்டது. எனினும் முளைக்கும் சில்லுக்கும் இடையே நுண்ணிய வெளி எஞ்சவே செய்தது. வளி வெப்பத்தை அரிதிற் கடத்துவது. ஆகவே அவ்வெளி, வளியைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு வெப்பங் கடத்தும் ஈலியம் வாயுவால் நிரப்பப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலே நீர் ஓடும் தகடு பொருத்தப்பட்டது. இவ்வாறு உள்ளங்கையளவிலான ஒரு தொகுதி 300 வாற்று அளவிலான வெப்பத்தை வெளியேற்ற வல்லதாயிற்று. நீர் எவ்விடத்தும் சில்லைத் தொடவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. இன்று மேசைக் கணனிகளிற் பொருத்தப்படும் செப்புத் தகடும் இக்கொள்கை வழிப்பட்டதே.

ஆயினும் வரலாறு நேர்கோட்டிற் செல்லவில்லை. அக்காலப் பெருங்கணனிகளின் இருமுனைவுத் திரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போதும் மின்னை உண்டுகொண்டிருந்தன. சீமோஸ் முறையிலமைந்த சில்லுகளோ பெரும்பாலும் நிலைமாறும் கணத்திலேயே மின்னை வேண்டின. 1993 இல் ஏறத்தாழ 800 கோடி டொலர் நட்டத்தைச் சந்தித்த ஐ.பி.எம்., 1994 இல் சீமோஸ் சில்லுகளைக் கொண்ட, காற்றினாற் குளிரும் பெருங்கணனிகளை அறிமுகஞ் செய்தது. ஈலியமும் முளைகளும் நீர்க்குழாய்களும் சில ஆண்டுகளிலே பழங்கதையாயின. நீரின் காலம் முடிந்தது என எண்ணியோர் பலர். அவ்வெண்ணம் தவறாயிற்று. சீமோஸ் சில்லுகளும் நெருங்கி நெருங்கிப் பழைய பொறிகளைப் போன்றே கொதிக்கத் தொடங்கின. 2008 இல் அதே ஐ.பி.எம். பவர் 575 என்னும் பொறியில் நீரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

மேசைக் கணனி இக்கதையைச் சிறிய அளவிலே திரும்ப நடித்தது எனலாம். 1981 இன் ஐ.பி.எம். தனியாள் கணனி முழுவதற்கும் 63.5 வாற்று வழங்கி போதுமானதாயிருந்தது. அதன் சில்லின்மீது விசிறியேதும் இருக்கவில்லை. 2004 இல் இன்ரெல் கம்பனியின் பென்ரியம்-4 வகைகளிற் சில தனித்தே 115 வாற்று வரை வெப்பத்தைத் தந்தன. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 300 மெகாஹேட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்ட செலரன் 300ஏ போன்ற சில்லுகளை 450 வரை ஓட்டிப் பார்த்த ஆர்வலர்கள், மேலும் வேகம் வேண்டி மோட்டார் வண்டியின் சூடாக்கியிலிருந்து கழற்றிய றேடியேற்றரையும் மீன்தொட்டிப் பம்பியையும் கணனியோடு இணைத்திருந்தனர். பெருங்கம்பனிகள் கைவிட்ட முறையைக் கைப்பணியாக உயிர்ப்பித்தோர் இவர்களே. 2004 யூனில் அப்பிள் கம்பனி திரவக் குளிரூட்டலுடன் கூடிய தனது 2.5 கிகாஹேட்ஸ் பவர் மக் ஜீ5 கணனியை அறிவித்தது. பின்னர் அவற்றிற் சில கசிந்து உள்ளுறுப்புகளை அழித்தன. 2006 இல் இன்ரெல் சில்லுகளோடு வந்த அதன் வாரிசு காற்றுக்கே திரும்பியது. நீரின்மீது பொதுமக்கள் இன்றும் கொண்டுள்ள ஐயத்துக்கு இத்தகைய நிகழ்ச்சிகளும் காரணமாகும், அவ்வையம் ஆதாரமற்றதன்று.

2001 இல் வியா கம்பனி வகுத்த மினி-ஐ.ரி.எக்ஸ். அளவு, 170 மில்லிமீற்றர் சதுரத்துள் முழுக் கணனிப் பலகையையும் அடக்கியது. தொடக்கத்தில் அதில் அமர்ந்தவை வலுக்குறைந்த சில்லுகளே. காலப்போக்கில் மிக வலிய சில்லுகளும் அதே சதுரத்துள் வந்தன. 2013 அளவில் வெளிவந்த என்கேஸ் எம்1 என்னும் பெட்டி, 12.6 லீற்றர் கனவளவுள் இரட்டை விசிறி றேடியேற்றர் ஒன்றுக்கும் இடமளித்தது. ஈண்டே திட்டமிடுதல் என்பது உண்மையான பொருளைப் பெறுகின்றது.

நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம்பெயர்க்கின்றது, அவ்வளவே. சில்லும் வரைவியல் அட்டையும் சேர்ந்து 300 வாற்று வெப்பத்தைத் தருவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நீர் ஓடினால் அந்நீரின் வெப்பநிலை ஒரு சுற்றில் 4 பாகை செல்சியசுக்குச் சற்று மேலாகவே உயரும். அதே வெப்பத்தைக் காற்று 10 பாகை உயர்வுடன் ஏந்திச் செல்லச் செக்கனுக்கு 25 லீற்றர் காற்று தேவை. இக்கணக்கிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, நீர் எவ்வுறுப்பை முதலிற் சென்றடைகின்றது என்பது பொருட்படுத்தத்தக்கதன்று. வேறுபாடு சில பாகைகளே ஆதலின், குழாய்களை மிகக் குறுகிய வழியில், வளைவு குறைவாகக் கொண்டுசெல்வதே அறிவுடைமை. இரண்டாவது, நீரிருப்பினும் இறுதியில் அக்காற்று வேண்டியதே. நீர் செய்யும் உதவி, காற்றுப் புகமுடியாத நடுவிடத்திலிருந்து வெப்பத்தைப் பெட்டியின் சுவருக்குக் கொண்டுவருதல். தடித்த வரைவியல் அட்டையின் உலோகச் செட்டைகளையும் விசிறிகளையும் அகற்றி மெல்லிய நீர்த்தகட்டைப் பொருத்தும்போது மிஞ்சும் இடமே சிறு பெட்டியில் நீரின் பெரும் பயன் எனலாம். அறையின் வெப்பநிலைக்குக் கீழே நீர் ஒருபோதும் குளிராது. வெப்ப நாட்டில் வாழ்வோர் இதனை மறத்தலாகாது.

அளவுகள் இரக்கமற்றவை. 30 மில்லிமீற்றர் தடித்த றேடியேற்றரும் 25 மில்லிமீற்றர் விசிறியும் சேர்ந்து 55 மில்லிமீற்றர் ஆகும். சுவருக்கும் பலகைக்கும் இடையே அவ்வளவு இடமில்லையெனில் ஏனைய திட்டம் யாவும் பயனற்றது. நீர்த்தேக்கம் பம்பிக்கு மேலே அமைய வேண்டும். இன்றேற் பம்பி காற்றை விழுங்கி உலர்ந்து கெடும். செப்புத் தகட்டையும் அலுமினிய றேடியேற்றரையும் ஒரே நீரிற் கலந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். நீரை வெளியேற்றுவதற்கான வாயிலைப் பலர் இறுதியிலேயே நினைக்கின்றனர். அது சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்திலே முதலிற் குறிக்கப்பட வேண்டியது. பெட்டியைக் கவிழ்க்காமல் ஓருறுப்பைத்தானும் மாற்ற வேறு வழியில்லை. எல்லாம் பொருத்தியபின் பம்பிக்கு மட்டும் மின்கொடுத்து, மூட்டுகளைச் சுற்றிக் கடதாசி விரித்து, ஒருநாள் முழுதும் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே பலகைக்கு மின்சாரம் வழங்கப்படும்.